சுங்கை சிப்புட் சனிக்கிழமை அறிவியல் செய்முறை வகுப்பு: செய்முறைக்கு முழு மதிப்பெண், திருத்தும் முறைக்குப் பாதி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில் கடைவீடு ஒன்றின் முதல் மாடியில், சனிக்கிழமை காலை 9 முதல் 11 வரை, படிவம் 1, 2, 3 (இடைநிலைப்பள்ளியின் முதல் மூன்று ஆண்டுகள்) மாணவர்களுக்கு அறிவியல் செய்முறை வகுப்பு நடக்கிறது. மாதம் 80 ரிங்கிட். பொருள்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 30 ரிங்கிட் தனி. ஒரு குழுவுக்கு 12 பேர். வருகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் (வீடமைப்புப் பகுதிகளிலும்) இருக்கும் பிள்ளைகள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து, இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாயில் படிக்கத் தொடங்கியவர்கள். நான்கு சனிக்கிழமைகள் உட்கார்ந்து கவனித்து, மூன்று படிவங்களின் பயிற்சித்தாள்களையும் விடைக்குறிப்புகளையும் வரி வரியாகப் படித்துவிட்டு இதை எழுதுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பிள்ளையைத் தாராளமாகச் சேர்க்கலாம். கையால் செய்து, கண்ணால் பார்த்துக் கற்கும் அறிவியல் இந்த மாடியில் உண்மையாகவே நடக்கிறது. கோளாறு இருப்பது தாளைத் திருத்தும் இடத்தில். பிள்ளை மேசையில் கண்டுபிடித்ததை விடைக்குறிப்பு கண்டுகொள்வதில்லை. நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

படிவம் 2-இன் ‘அசிட் டான் அல்காலி’ (அமிலமும் காரமும்) பாடத்துக்கு இவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் ரப்பர் பால். இந்த வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. தோட்டங்களைச் செம்பனை பிடித்துக்கொண்டாலும், பால் மரம் வெட்டும் சிறுதோட்டக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் கட்டிப்போன பாலையும் ஒட்டுப்பால் நாற்றத்தையும் பாட்டி தாத்தா வாயிலாகவாவது பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள். ஆசிட் ஊற்றினால் பால் உறையும், அமோனியா ஊற்றினால் உறையாது என்று இரண்டு வரியில் முடிந்துபோகும் செய்தியை இங்கே முழுக் காலை வேலையாக மாற்றியிருக்கிறார்கள்.

செய்முறை எளிது. மூன்று பிளாஸ்டிக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் 20 மில்லி பால். முதல் கோப்பையில் எதுவும் சேர்ப்பதில்லை. இரண்டாவதில் 5 மில்லி சுக்கா (வினிகர்). மூன்றாவதில் 2 மில்லி நீர்த்த அமோனியா. ஒரே மாதிரி பத்துச் சுற்றுக் கலக்கி, நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறிக்க வேண்டும். தோட்டத்தில் பயன்படும் ஃபார்மிக் அமிலம் தோலைப் பொசுக்கும். அதை விட்டுவிட்டு 4, 5 விழுக்காடு அசெட்டிக் அமிலம் உள்ள சமையல் சுக்காவை வைத்தது சரியான முடிவு. அறிவியலில் எதுவும் குறையவில்லை. பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்களைச் சுற்றிப் புரத உறை இருக்கிறது. அதன் எதிர்மின்னூட்டத்தால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தைப் போக்கிவிட்டால் துகள்கள் மோதி, உறை உடைந்து, ரப்பர் திரண்டுவிடும். எந்த அமிலமானாலும் வேலை இதுதான்.

நாங்கள் உட்கார்ந்திருந்த வாரம் இந்தச் செய்முறை சொன்னபடி கேட்கவில்லை. பால் கொடுத்தவர், வழியில் கட்டிப்போகாமல் இருக்க அமோனியா கலந்து அனுப்பியிருந்தார். 5 மில்லி சுக்கா ஊற்றிக் கலக்கியும் இரண்டாவது கோப்பை பால் பாலாகவே இருந்தது. “சார், இது உறையவே மாட்டேங்குது,” என்றாள் ஒரு மாணவி. பல வகுப்புகளில் இந்த இடத்தில் “பாடநூலில் உள்ளதை எழுதிக்கொள்ளுங்கள்” என்று முடித்துவிடுவார்கள். இங்கே ஆசிரியர் ஒரு கட்டு லிட்மஸ் தாளை நீட்டினார். “சிவப்புத் தாளை வச்சுப் பாரும்மா. என்ன ஆகுதுன்னு எனக்குச் சொல்லாத, எழுது.” சிவப்புத் தாள் நீலமானது. சுக்கா ஊற்றிய பிறகும் பால் காரமாகவே இருக்கிறது! பிறகு 2 மில்லி, 2 மில்லியாக ஊற்றச் சொன்னார். 13 மில்லியில் கோப்பை ஓரத்தில் அரிசி நொய்போல் திரிதிரியாகத் தெரிந்தது. 15 மில்லியில் கோலோடு கட்டியாக ஒட்டிக்கொண்டு மேலே வந்தது.

இதற்குக் கணக்கும் உண்டு. நீண்ட நாள் வைத்திருக்கும் செறிந்த பாலில் வழக்கமாகச் சேர்க்கும் 0.7 விழுக்காட்டு அமோனியாவை எடுத்துக்கொண்டால், 20 மில்லி பாலில் சுமார் 0.14 கிராம் அமோனியா. அதை நடுமையாக்க மட்டுமே 10 முதல் 12 மில்லி சுக்கா போய்விடும். பால் உறைய, பிஎச் மதிப்பு 5-க்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். அதற்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். ஆக அந்த மாணவி, பாடத்தின் அடுத்த தலைப்பான நடுமையாக்கத்தை, யாரும் சொல்லித்தராமலே மேசைமேல் கண்டுவிட்டாள்.

அடுத்த வாரம் தாள் திரும்பி வந்தது. ‘இரண்டாவது கோப்பையில் உற்றறிந்ததை எழுதுக’ என்ற கேள்விக்கு அவள் எழுதியிருந்தது: 5 மில்லியில் உறையவில்லை, லிட்மஸ் நீலம், 13 மில்லியில் உறையத் தொடங்கியது. அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. விடைக்குறிப்பில் இருப்பது ‘பால் விரைவாக உறைகிறது’ என்ற ஒரே வரி. பார்த்ததை எழுதியவளுக்குச் சுழியம்; பார்க்காததைப் பாடநூலிலிருந்து எழுதிய பக்கத்து மேசைக்கு ஒரு மதிப்பெண். காரணம் எளிது: செய்முறை நடத்துகிறவர் ஒருவர், வீட்டுக்கு எடுத்துப்போய்க் குறிப்பை வைத்துத் திருத்துகிறவர் இன்னொருவர். திருத்துகிறவருக்குப் பாலில் அமோனியா இருந்ததே தெரியாது. எங்களுக்கு மனம் கொதித்த இடம் இதுதான். இந்த ஒரு பெருக்கல் குறி, இரண்டு மணி நேரப் பாடத்தை அழித்துவிடும். அடுத்த முறை அந்தப் பெண் கோப்பையைப் பார்க்க மாட்டாள், நூலைப் பார்ப்பாள்.

திருத்த வழி உண்டு, செலவும் இல்லை. உற்றறிதல் கேள்விக்கு மாதிரி விடையே வேண்டாம். அன்றைய பாலில் என்ன நடந்தது என்று செய்முறை ஆசிரியர் மூன்று வரி எழுதித் தாள்கட்டின் மேல் குத்திவிட்டால் போதும். மதிப்பெண்ணும் ஊகித்தலுக்குப் போகட்டும்: லிட்மஸ் நீலமாக இருந்ததையும் உறையாமல் போனதையும் சேர்த்துப் பேசுகிறவருக்கு இரண்டு, ஒன்றை மட்டும் பேசுகிறவருக்கு ஒன்று.

செய்முறையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. நான்காவது கோப்பை வேண்டும்: 20 மில்லி பால், 5 மில்லி தண்ணீர். அது இல்லாவிட்டால், ‘எந்தத் திரவத்தை ஊற்றினாலும் பால் உறையும்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் மறுக்க வழியில்லை. அமோனியாவும் 5 மில்லியாகவே இருக்கட்டும். ஒன்றில் 5, ஒன்றில் 2 என்று வைத்துவிட்டு, மாறாமல் வைத்திருக்க வேண்டிய மாறி எது என்று தாளில் கேட்பது நியாயமா? பால் காலையில் வெட்டியதாக இருக்க வேண்டும். அமோனியா சேர்க்காத பால் பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தால் சில மணி நேரத்தில் தானே கட்டத் தொடங்கும். முதல் நாள் பாலோடு வந்தால் முதல் கோப்பையும் உறைந்து, ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. பள்ளிச் சீருடையில் பிள்ளையை அனுப்பாதீர்கள்; பால் பட்டால் கறை போகாது என்பது தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரப்பர் பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் உண்டு, அதைச் சேர்க்கும்போதே கேட்கும் வழக்கம் இங்கே இல்லை. உடனே தொடங்க வேண்டும். அமோனியா திறக்கும்போது பின்பக்கச் சன்னல்களைத் திறக்கிறார்கள், நல்லது.

கருதுகோள் எழுதும் பகுதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது இந்த மையத்தின் நோய் மட்டுமன்று. ‘செமாக்கின் பெர்தம்பா... செமாக்கின்...’ (‘ஒன்று கூடக்கூட, இன்னொன்று...’) என்ற அச்சை எல்லாச் செய்முறைக்கும் ஒட்டவைக்கப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டார்கள். ஊசல் கயிறு நீள நீள ஒரு முழு அலைவுக்கான நேரம் கூடும் என்று எழுத அந்த அச்சு பொருந்தும், ஏனென்றால் நீளம் கூடவும் குறையவும் கூடிய அளவு. ரப்பர் பால் செய்முறையில் தற்சார்பு மாறி, அதாவது நாம் வேண்டுமென்றே மாற்றுவது, திரவத்தின் வகை. வகை எப்படிக் கூடும்? 12 தாள்களில் 7 தாள்களில் ‘செமாக்கின் பெர்தம்பா ஜெனிஸ் செச்சாயிர்’ என்று எழுதியிருந்தார்கள். ‘திரவத்தின் வகை கூடக்கூட’ என்பதற்கு எந்த மொழியிலும் பொருள் இல்லை. விடைக்குறிப்பு அதற்கும் மதிப்பெண் கொடுத்திருக்கிறது! மாறி அளவா, வகையா என்று முதலில் கேட்க வேண்டும். வகை என்றால் ‘சுக்கா சேர்த்த பால், தண்ணீர் சேர்த்த பாலைவிடச் சீக்கிரம் உறையும்’ என்று ஒப்பிட்டு எழுதப் பழக்க வேண்டும். ஒரு பாடவேளை போதும்.

மின்சாரப் பாடத்திலும் இதே கதைதான். ஓம் விதிக்கு இவர்கள் இரண்டு 1.5 வோல்ட் மின்கலம், மின்தடை மாற்றி, அம்மீட்டர், வோல்ட்மீட்டர் வைத்து, கம்பிக்குப் பதிலாக 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் டார்ச் பல்பை மாட்டியிருக்கிறார்கள். பல்பு எரிவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பதால் இருக்கலாம். ஒரு குழு எடுத்த அளவுகள்: 0.5 வோல்ட்டுக்கு 0.13 ஆம்பியர், 1.0-க்கு 0.19, 1.5-க்கு 0.23, 2.0-க்கு 0.27, 2.5-க்கு 0.30. வகுத்துப் பார்த்தால் மின்தடை 3.8 ஓமில் தொடங்கி 8.3 ஓம் வரை ஏறுகிறது. பல்பின் இழை சூடாகச் சூடாக அதன் மின்தடை கூடும். வோல்ட்டை நெடுக்கிலும் ஆம்பியரைக் கிடையிலும் வைத்து வரைந்தால் கோடு மேல்நோக்கி வளையும். வளைந்த கோடுதான் சரியான விடை. குறிப்பிலோ ‘ஆதிப்புள்ளியின் வழியே செல்லும் நேர்கோடு, 2 மதிப்பெண்’. ஐந்து புள்ளிகளையும் சரியாக வைத்து, அவை போன போக்கில் கோடு இழுத்தவருக்கு ஒன்றுமில்லை. புள்ளிகளை விட்டுவிட்டு அடிக்கோலை வைத்து இழுத்தவருக்கு இரண்டு.

இங்கே பொருளை மாற்றினால் போதும். 20 செண்டிமீட்டர் கான்ஸ்டன்டன் கம்பி, சூடேறினாலும் மின்தடை பெரிதாக மாறாது. அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: அளவை எடுத்தவுடன் சுவிட்சை அணைத்துவிட வேண்டும், எரியவிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் மின்கலம் இறங்கி, கடைசி இரண்டு புள்ளிகள் தடம் மாறும். பல்பைத் தூக்கி எறிய வேண்டாம். கம்பிக்குப் பிறகு பல்பை மாட்டி, ‘இது ஏன் வளைகிறது?’ என்று கேட்டால், ஆண்டு முழுவதற்குமான நல்ல கேள்வி ஒன்று கையில் கிடைக்கும்.

தாள்களைப் பொதுவாகப் பார்த்தால், 20 மதிப்பெண் தாளில் 14 மதிப்பெண் வரை மனப்பாடம். வரையறை எழுது, பெயரிடு, இடம் நிரப்பு. படிவம் 2 மாணவர்களை வைத்து நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் டிம்ஸ் அனைத்துலக ஆய்வின் சட்டகத்தில், இந்த வயதுக்கான அறிவியல் கேள்விகள் அறிதலுக்கு 35, பயன்படுத்தலுக்கு 35, காரணம் காண்பதற்கு 30 விழுக்காடு என்று பிரிக்கப்பட்டிருக்கின்றன. அதில் மலேசியா அறிவியலில் 2003-இல் 510 புள்ளி எடுத்தது, 2011-இல் 426, 2019-இல் 460. நாடே தடுமாறும் இடத்தில் ஒரு மாடிவகுப்பை மட்டும் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் இவர்களிடம் செய்முறை இருக்கிறது, காரணம் கேட்பதற்கான பொருள் மேசையிலேயே கிடக்கிறது. 14-ஐ 8-ஆகக் குறைத்து, மீதியை ‘ஏன்’ என்பதற்குக் கொடுத்தாலே தாள் மாறிவிடும்.

பெற்றோருக்கு வரும் அறிக்கையிலும் ஒரு தவறு. படிவம் 3 மாணவர்கள் எழுதிவந்த பிடி3 தேர்வு 2022-இல் எடுக்கப்பட்ட பிறகு, கீழ்ப்படிவங்களில் வகுப்பறை மதிப்பீடும் ஆண்டிறுதியில் வரும் உவாசா தேர்வும்தான் இருக்கின்றன. வகுப்பறை மதிப்பீட்டில் பிள்ளைக்குக் கிடைப்பது 1 முதல் 6 வரையிலான அடைவுநிலை. 1 என்றால் நினைவுகூர்கிறார். 2 என்றால் புரிந்து விளக்குகிறார். 3 என்றால் பயன்படுத்துகிறார். 4 என்றால் பகுத்துப் பார்க்கிறார். 5 என்றால் மதிப்பிடுகிறார். 6 என்றால் புதிதாக ஆக்குகிறார். இது பிள்ளை என்ன செய்ய வல்லவர் என்பதைச் சொல்லும் அளவுகோல். இந்த மையம், விழுக்காட்டை அப்படியே எடுத்து 80-க்கு மேல் என்றால் அடைவுநிலை 5, 60-க்கு மேல் என்றால் 4 என்று அட்டவணை போட்டு மாற்றிக்கொடுக்கிறது. மனப்பாடத் தாளில் 85 எடுத்தவர் காட்டியிருப்பது 1 அல்லது 2-ஆம் நிலைத் திறன்தான். ரப்பர் பால் மாணவி தாளில் எடுத்தது 45. கோப்பையில் காட்டியது நான்காம் நிலை. அட்டவணையை விட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமைக்கு மூன்று பிள்ளைகளை மட்டும் கூர்ந்து கவனித்து ஒரு வரி எழுதினால், நான்கு வாரத்தில் 12 பேரும் முடிந்துவிடுவார்கள். எல்லாரையும் எல்லா வாரமும் கவனிக்கிறேன் என்று தொடங்கினால் இரண்டாம் வாரமே நின்றுபோகும்.

திருத்திய தாளில் மதிப்பெண்ணும் இருக்கிறது, அழகான கையெழுத்தில் கருத்தும் இருக்கிறது. கருத்துகள் நல்லவை, உழைத்து எழுதப்பட்டவை. ஆனால் பிள்ளைகள் எண்ணைப் பார்த்ததும் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்கள். 1988-இல் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: கருத்து மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள், மதிப்பெண்ணோடு சேர்த்துக் கருத்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எனவே முதல் வாரம் கருத்தை மட்டும் கொடுங்கள்; பிள்ளை ஒரு விடையைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்த பிறகு எண்ணைச் சொல்லுங்கள். பெற்றோர் வாட்சாப்பில் “எத்தனை மார்க்கு டீச்சர்?” என்று கேட்பார்கள், ஒரு வாரம் பொறுக்கச் சொன்னால் பொறுப்பார்கள்.

இனி நல்லவை. கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் காத்திருக்கிறார். கடிகாரம் வைத்துப் பார்த்தோம், 3 முதல் 5 வினாடி. ஆசிரியர்கள் வழக்கமாக ஒரு வினாடிதான் காக்கிறார்கள், அதை 3 வினாடியாக நீட்டினாலே விடைகள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே எழுதிவிட்டார். இங்கே கடைசி மேசைத் தம்பிகூட வாய் திறக்கிறான். செய்முறைக்கு முன் ஒவ்வொருவரும் ‘என்ன நடக்கும், ஏன்’ என்று சிறு துண்டுத்தாளில் எழுதிக் கவிழ்த்து வைக்கிறார்கள். முடிந்ததும் அதைத் திருப்பிப் பார்த்துத் தாங்களே ஒப்பிடுகிறார்கள். யாரும் அதற்கு மதிப்பெண் போடுவதில்லை, அப்படியே இருக்கட்டும்.

தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் கலைச்சொற்கள் உள்ள அட்டை ஒன்றைத் தருகிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ‘தற்சார்பு மாறி’ என்று படித்த பிள்ளை ‘பெம்போலே உபா டிமானிபுலாசிகான்’ என்று கேட்டதும் திகைப்பது, அறிவியல் தெரியாமல் இல்லை. அட்டை அந்தத் திகைப்பைத் தீர்க்கிறது. உற்றறிதலுக்கு நேரே ‘பெமெர்ஹாத்தியான்’, ஊகித்தலுக்கு நேரே ‘இன்ஃபெரென்ஸ்’ என்று மூன்று மொழியும் ஒரே வரியில் இருக்கின்றன. ஒரே பிழை: பொருண்மைக்கு நேரே ‘பெராட்’ என்று அச்சாகியிருக்கிறது. அது எடை, நியூட்டனில் அளப்பது. பொருண்மைக்கு ‘ஜிசிம்’, கிலோகிராமில் அளப்பது. படிவம் 2-இல் இரண்டையும் வேறுபடுத்தச் சொல்லிக் கேள்வி வரும், அடுத்த அச்சுக்கு முன் திருத்திவிடுங்கள்.

உணவுச் சோதனையில் புரதத்துக்கு மில்லன் கரைசலை விட்டு, காப்பர் சல்பேட்டும் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடும் கொண்ட பையூரெட் சோதனைக்கு மாறியிருக்கிறார்கள். மில்லனில் பாதரசம் இருக்கிறது, கடைவீட்டுக் கழுவுதொட்டியில் ஊற்றும் பொருளன்று. பயிற்சி நூல்களில் மில்லன் கேள்வி வரும் என்பதால் அதன் சிவப்பு நிறத்தைப் படம் காட்டிச் சொல்லிவிடுகிறார்கள்.

12 பேருக்கு நுண்நோக்கி இரண்டே இரண்டு. வரிசை நீளுகிறது. வெங்காயத் தோலில் நான்கு பேர் வரைந்தது செல்லை அன்று, காற்றுக்குமிழியை. கறுத்த தடித்த விளிம்போடு வட்டமாக இருந்தால் அது குமிழி. மூடுகண்ணாடியை 45 பாகை சாய்த்து ஓர் ஓரத்திலிருந்து மெல்ல இறக்கினால் குமிழி வராது. கண்வில்லையில் கைப்பேசியை வைத்துப் படமெடுத்துத் திரையில் காட்டினால் வரிசையும் பாதியாகும்.

சேர்க்க நினைக்கிறவர்கள் மாத முதல் சனிக்கிழமை போங்கள், அன்று பெற்றோர் உள்ளே உட்கார அனுமதி உண்டு. கேட்க வேண்டியவை இரண்டு: தாளைத் திருத்துவது யார், அறிக்கையில் உள்ள அடைவுநிலை எதை வைத்துப் போடப்பட்டது. கடை வாசலில் 10 மணிக்கு மேல் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, 8.45-க்கே இறக்கிவிடுங்கள். ரப்பர் பால் வாரத்துக்குப் பழைய சட்டை, வீட்டிலிருந்து ஒரு சிறு பாட்டில் சுக்கா.